எடை நிற்கும்வரை

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் இதைப் படிக்கிற யாராவது ஓடிப்போய் அவரிடம் சொல்வார்கள். அவர் உடனே, "என் பேருதானா? இன்னொரு தரம் நல்லாப் பாத்துச் சொல்லு" என்பார். எதற்கு வம்பு? எங்கள் லேப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த மேனேஜரும் அக்கா என்பார். கேட்டில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி நஞ்சப்பா சுத்தக் கன்னடக்காரர், அவரும் அக்கா என்பார்.

எதையும் ஒரு தரம் பார்த்து நம்பாத மனுஷி. இதைச் சொல்லிவிட்டால் அக்காவைப் பற்றி முக்கால்வாசி சொன்ன மாதிரிதான். மீதிக் கால்வாசியைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

யஷ்வந்த்பூரில் எங்கள் ஆபீஸ் வாசலிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார். நான் ஒக்கலிபுரத்தில் மூன்று பேரோடு ரூம் எடுத்திருந்ததால் எனக்கும் அதே பஸ்தான். தினமும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம், "ஸ்ரீராம்புரா ஹோகுத்தா?" என்று கேட்பார். அவர் போகும் என்பார். அக்கா ஏறி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் டிரைவரிடமும் கேட்பார். பதினோரு வருஷமாக இதே பஸ், இதே நம்பர். ஒருநாள் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. "இல்லம்மா, இவத்து டெல்லிகே ஹோகுத்தே" என்றார், இன்றைக்கு டெல்லிக்குப் போகிறது என்று. பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முன்னால் போய், "நிஜவா?" என்று டிரைவரிடம் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. நான் தெரியாதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி சிமெண்ட் செய்யவில்லை. சிமெண்ட் செய்கிறவர்களுக்குக் கோபுரம் கட்டிக் கொடுத்தது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் முகப்பவுடர் மாதிரி நைசாக அரைத்து, அந்த மாவைக் கோபுரத்தின் உச்சியில் கொட்டுவார்கள். கீழேயிருந்து நெருப்புக் காற்று மேலே ஏறும். மாவு இறங்க இறங்கச் சூடேறி, அதற்குள் இருக்கிற வாயு வெளியே போய், கடைசியில் கில்னுக்குள் விழும். கில்ன் என்பது படுத்தவாக்கில் மெதுவாகச் சுற்றுகிற நீளமான இரும்புச் சூளை. கோபுரத்திலேயே வாயு எவ்வளவு போய்விடுகிறதோ, அவ்வளவுக்குக் கில்னுக்கு வேலை மிச்சம். போகாமல் தங்கிவிட்டால் கில்ன் திணறும், கரி கூடுதலாகத் தின்னும், இன்னும் என்னென்னவோ சேட்டை பண்ணும்.

வாயு போயிருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் எங்கள் லேப்பின் பிழைப்பு. கோபுரத்திலிருந்து கில்னுக்குள் விழுகிற மாவை டப்பாவில் பிடித்து அனுப்புவார்கள். அதைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடை பார்த்து, ஃபர்னஸில் தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எடுத்து ஆறவைத்து, மறுபடி எடை பார்ப்போம். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வாயு மாவில் மிச்சம் இருந்தது என்று கணக்கு. கொஞ்சமாகக் குறைந்தால் கோபுரம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. நிறையக் குறைந்தால் எங்கள் மேனேஜருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, விருத்தாசலம். அக்கா பத்தாம் வகுப்பு. கிண்ணம் கழுவவும் கூட்டிப் பெருக்கவும் தினக்கூலிக்கு வந்தவர், வந்த இடத்தில் மெல்ல மெல்ல லேப் வேலை முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டவர். ரிப்போர்ட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு கிண்ணத்தை எடை பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அக்கா இடுக்கியால் அதே கிண்ணத்தைப் பிடித்து மறுபடி ஃபர்னஸுக்குள் வைத்தார்.

"என்ன பண்றீங்க? அதான் எடை எடுத்தாச்சே."

"ஒரு தரம்தானே சார் எடுத்தீங்க?"

"ஒரு மணி நேரம் வெச்சாப் போதும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

"புஸ்தகத்துல போட்டவரு நம்ம அடுப்பைப் பாத்தாரா சார்? எடை நிக்கணும். நின்னாத்தான் எழுதணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. ஆனால் அரை மணி கழித்து எடை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதை மூன்றாவது தரம் வைத்தார். இப்போது குறையவில்லை. "நின்னுடுச்சி, எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று ராத்திரி புத்தகத்தைப் புரட்டினால், அடுத்த பக்கத்தில் அதையேதான் போட்டிருந்தது. எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சூடாக்கவேண்டுமாம். நான் பக்கத்தைத் திருப்பாமல் படித்துப் பாஸ் பண்ணியவன். இதை அவரிடம் சொல்லவில்லை.

இந்த எடை நிற்கிற விவகாரத்தை அவர் லேப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் அதுதான். காவிரிக் கலாட்டா நாட்களில், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்று ரேடியோவில் சொன்ன பிறகும் அவர் தன் சந்தில் ஒரு பிள்ளையையும் வெளியே விடவில்லையாம். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவை அழைத்துக்கொண்டு தெருமுனை வரை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கதவுகளைத் திறக்கச் சொன்னாராம். "ரேடியோக்காரரு நம்ம தெருவுக்கா வந்தாரு?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த கதை இன்னும் வேடிக்கை. பையன் ஜீவனஹள்ளியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான் என்று தரகர் சொன்னார். பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் திருப்தி, அக்காவைத் தவிர. பக்கத்து வீட்டு மொபெட்டை இரவல் வாங்கி, தம்பி முறை ஆள் ஒருவரை ஓட்டச் சொல்லி, ஜீவனஹள்ளிக்குப் போனார். முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டியை அந்தப் பையனிடமே விட்டார். அவன் கேபிளை இறுக்கிக் கொடுத்து, "சின்ன வேலைக்கா, காசு வேணாம்" என்றிருக்கிறான்.

"அப்ப நல்ல பையன்தானே?" என்றேன்.

"எனக்கு பேஜாராயிடுச்சி சார். வர்றவங்களுக்கெல்லாம் சும்னே ரிப்பேர் பண்ணிக் குடுத்தா என் தங்கச்சி என்னத்தைத் தின்னுவா?"

அடுத்த வாரம் மறுபடி போனார். இந்தத் தடவை பின்சக்கர டியூப். அவன் கறாராகக் காசு வாங்கினான். பேரம் பேசிப் பார்த்தார், ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அக்கா சந்தோஷமாகத் திரும்பிவந்து தேதி குறிக்கச் சொல்லிவிட்டார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை மணமேடையில் உட்கார்ந்தவாக்கில் அவர் முகத்தையே உற்று உற்றுப் பார்த்ததை நான் நேரில் கண்டேன்.

ஒன்று சொல்லவேண்டும். அவர் அடுத்தவர்களைச் சந்தேகப்பட்டார் என்று நினைத்தால் அது தப்பு. முதல் சந்தேகம் தன்மேல்தான். லேப்பைப் பூட்டிவிட்டுக் கேட் வரைக்கும் வருவார், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நஞ்சப்பா, "பிட்டுபிடி அக்கா, நான் இதீனல்லா" என்பார், விட்டுவிடுங்கள் நான்தான் இருக்கிறேனே என்று. "உங்க மேல இல்ல நஞ்சப்பா, என் கை மேலதான்" என்பார் அக்கா. தராசில் தானே பார்த்த எடையை என்னையும் ஒரு தரம் பார்க்கச் சொல்வார். "நான் என்னா படிச்சவளா சார்? என் கண்ணு தப்பாக்கூட இருக்கும்." அந்தக் கண் தப்பாக இருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பதினோரு வருஷம் தினக்கூலி. காலையில் எங்களைப் போல் நேரே உள்ளே வர முடியாது, கேட்டில் லேபர் என்று போட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறைப்பட்டதில்லை. அவருக்குப் பர்மனெண்ட் ஆகவேண்டும் என்றிருந்தது வேறொரு காரணத்துக்கு. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். பர்மனெண்ட் ஆனால் இ.எஸ்.ஐ. கார்டு வரும், ராஜாஜிநகர் ஆஸ்பத்திரியில் அம்மாவையும் பார்ப்பார்கள், மருந்தும் அங்கேயே கிடைக்கும். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருத்தர். மாத்திரையைப் பாதியாக உடைத்து அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார், சொன்னதற்கு உடனே வருத்தப்பட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். குல்பர்கா பக்கத்தில் ஒரு சின்ன சிமெண்ட் ஆலைக்கு நாங்கள் கோபுரம் கட்டி முடித்திருந்தோம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வாயு கோபுரத்திலேயே போய்விடும் என்று எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அதைச் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள ஆலையிலிருந்து ஒரு இன்ஜினியர், சீல் வைத்த மூன்று டப்பா மாவோடு எங்கள் லேப்புக்கு வந்தார். அதற்கு முந்தின நாள் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்த இன்ஜினியர் கையெழுத்துப் போட்டுட்டா, உங்க ஃபைலை நானே ஹெட் ஆபீஸுக்குக் கையில எடுத்துட்டுப் போறேன். இந்தத் தடவை மிஸ்ஸாகாது."

"நிஜமா சார்?"

"நிஜம்."

"நிஜமாவா சார்?"

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் மறுநாள் டெஸ்ட் பண்ணப்போவது அக்கா இல்லை. வெளியாள் பார்க்கிறபோது படித்த கெமிஸ்ட் பண்ணினால்தான் மரியாதை என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். அக்காவுக்கு, பிளான் வரைகிறவர்கள் உட்காரும் டிராயிங் ஹாலில் காபி கொடுக்கிற வேலை. லேப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுட்ட கிண்ணத்தை ஆறவைக்க எங்களிடம் மூடிபோட்ட கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. அடியில் நீல நிறத்தில் சின்னச் சின்னக் கற்கள் கிடக்கும். சுட்ட மாவுக்கு ஈரம் என்றால் உயிர். காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து எடை கூடிவிடும். அதற்கு முன்பே அந்தக் கற்கள் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வாங்கி வாங்கி ரோஸ் நிறமாகிவிட்டால் அதற்கு மேல் உதவாது, வறுத்து மறுபடி நீலமாக்க வேண்டும். மழைக்காலத்தில் தினமும் காலையில் அக்காவின் முதல் வேலை இந்தக் கல் வறுப்பதுதான். அன்று அவர் காபி டிரேயோடு அலைந்துகொண்டிருந்தார். தகரக் கூரையில் விடாமல் தூறல். கற்கள் ரோஸாக இருந்தன.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஆலை இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார், இப்போது போய்க் கல் வறுத்தால் அசிங்கம் என்று தோன்றிற்று. கிண்ணங்களை உள்ளே வைத்து மூடியை மூடினேன். அதற்குள் மேனேஜர் வந்து எங்களைச் சாப்பிட அழைத்துப் போனார். வெளியே போய், மழைக்கு ஒதுங்கி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்து எடை பார்த்தேன். கொஞ்சமாகத்தான் குறைந்திருந்தது. கணக்குப் போட்டால் தொண்ணூற்றிரண்டு! இன்னொரு தரம் ஃபர்னஸில் வைக்கவேண்டும் என்று தெரியும். நல்ல நம்பர் வந்திருக்கிறபோது எவன் வைப்பான்? இன்ஜினியரும் கேட்கவில்லை. மேனேஜர் என் முதுகில் தட்டிய தட்டில் எனக்குப் புரையேறிவிட்டது. மைசூர்பாக்கு வந்தது. அக்கா இரண்டு துண்டை அம்மாவுக்கு வேண்டாமென்று தங்கை வீட்டுக்காகப் பேப்பரில் மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் பதினோரு மணிக்கு டைப் அடித்த ரிப்போர்ட்டில் கையெழுத்து என்று ஏற்பாடு.

மறுநாள் காலை எட்டரைக்கு நான் போகும்போது அக்கா லேப் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"சார், நேத்து கிண்ணம் கழுவப் போனேன். கல்லு ரோஸா இருந்துச்சி. மனசு கேக்கல. மூணு கிண்ணத்தையும் இன்னொரு தரம் உள்ள வெச்சிட்டேன்."

"வெச்சு?"

"எறங்கிடுச்சி சார். மூணுமே."

சீட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். எண்பத்தாறு. முந்தின நாள் ஈரம் குடித்துக் கூடியிருந்த எடையைத்தான் நான் எழுதியிருந்தேன். கோபுரம் தேறவில்லை.

"என் கண்ணு தப்பா இருக்கும் சார்," என்றார் அக்கா. "சாயங்காலம் வேற. நீங்க ஒரு தரம் போட்டுப் பாத்துடுங்க. டப்பாவுல மாவு மிச்சம் இருக்குது. அடுப்பு சூடாத்தான் வெச்சிருக்கேன். பதினோரு மணிக்குத்தானே அவரு வர்றாரு?"

இரண்டரை மணி நேரம் இருந்தது. தாராளமாகப் போதும். அக்கா காலை ஆறு மணிக்கே வந்து அடுப்பை ஏற்றியிருக்கிறார். கற்களையும் வறுத்திருந்தார், நீலமாகப் பளபளத்தன.

"அக்கா, உங்க பர்மனெண்ட் ஆர்டர் இதுலதான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அம்மாவுக்குக் கார்டு..."

"அதான் சார் நீங்க பாக்கணும்ங்கிறேன். ரெண்டுல எது நெசம்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவருக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. ரோஸ் கல்லைப் பார்த்துவிட்டும் மூடியை மூடியவன் என்று மேனேஜர் முன்னால், அந்த இன்ஜினியர் முன்னால், பத்தாம் வகுப்புப் படித்த ஒரு அக்கா முன்னால் நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதுதான் மீதிப் பாதி, பெரிய பாதியும் அதுதான். நான் தராசுப் பக்கம் கூடப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு, "உங்க கண்ணுதான் தப்பு அக்கா" என்றேன். "சாயங்காலம் வெளிச்சம் கம்மி. மழைக்கு இந்தத் தராசு ஒரு நிலையில நிக்காது. நேத்து நான் எடுத்ததுதான் கரெக்ட்."

"அப்படியா சார்?"

"ஆமா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேங்க்கா."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீட்டை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு காபி டிரேயை எடுக்கப் போனார். பதினோரு மணிக்குக் கையெழுத்தாயிற்று. எல்லோரும் கைகுலுக்கினோம்.

சொன்னது சொன்னபடி அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. அக்கா அதை எனக்கு ஒரு தரம், நஞ்சப்பாவுக்கு ஒரு தரம் படிக்கக் கொடுத்தார். போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி நேரே உள்ளே வந்த முதல் நாள் நஞ்சப்பா எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அக்காவுக்கு வெட்கம். அந்த வாரமே அம்மாவை ராஜாஜிநகருக்கு அழைத்துப் போனார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் பொய்யில்லை, இப்போதும் நினைத்தால் மனசு குளிர்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்க் கணக்காகிவிடும்.

நான்கைந்து மாதத்தில் அந்த ஆலையிலிருந்து போன் வந்தது. கில்ன் திணறுகிறது, கரி அதிகம் போட வேண்டியிருக்கிறது, உள்ளே சுற்றுச்சுவர் முழுக்க வளையமாகக் கெட்டிப்பட்டு மாவு நகர மறுக்கிறது. என்னையும் இன்னும் இருவரையும் அனுப்பினார்கள். நாங்கள் போன அன்று கில்னை நிறுத்தி, ஆறவைத்து, ஆட்கள் கடப்பாரையோடு உள்ளே நுழைந்து வளையத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடாத ஆலையில் மூட்டை ஏற்ற வேலை ஏது? மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் தூக்குச்சட்டியோடு கும்பலாகத் திரும்பிப் போனார்கள், எல்லோரும் தினக்கூலி. கில்ன் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் என்னிடம், "மேல சரியா வேகாத மாவு வருது சார், எழுதி வெச்சுக்குங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

ஊர் திரும்பி டீ குடிக்கும்போது இதை அக்காவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

"எத்தினி பேரைத் திருப்பி அனுப்பினாங்க சார்?"

"எண்ணலக்கா."

அவர் டம்ளரில் பாதி டீ இருக்கும்போதே எழுந்து போய்க் கொட்டிக் கழுவினார். பிறகு எங்கள் கம்பெனி, புது முன்னேற்றம் என்று பெயர் வைத்து, அந்தக் கோபுரத்தில் குழாயை நீட்டி இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. பழைய ரிப்போர்ட்டை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

நான் கவனித்தது வேறு. அந்தக் கையெழுத்து நாளுக்குப் பிறகு அக்கா லேப்பில் எதையும் இரண்டாவது தரம் எடை பார்க்கவில்லை. பஸ் கண்டக்டரைக் கேட்பார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஆனால் கிண்ணத்தை ஒரு தரம் சுட்டு, ஒரு தரம் எடை எடுத்து, சீட்டை என் மேஜையில் வைத்துவிடுவார். "இன்னொரு தரம் வைக்கலியா அக்கா?" என்றால், "நீங்க பாத்துக்குங்க சார்" என்பார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருடைய கண் தப்பு என்று நான் சொன்னதை நம்பிவிட்டார், தன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையையும் நான் பிடுங்கிவிட்டேன் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வேலையில் இருந்தவரை இரண்டாவது எடையை நானே எடுத்தேன். சாயங்காலம் பஸ் போன பிறகும் நின்று எடுத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனி கைமாறியது, லேப்பை மூடி அக்காவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் கையேடு எழுதுகிற வேலைக்குப் போய்விட்டேன். சில வருஷம் கழித்து ஊர்க்கோடியில் ஒரு வீடு வாங்கினேன். கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க ஒரு சனிக்கிழமை காலை ஸ்ரீராம்புரம் போனேன். குழாயடியில் விசாரித்தால் மூன்று பேர் வழிகாட்டினார்கள். அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. சுவரில் அம்மாவின் படம், புது மாலை.

"போன வருஷம் சார்," என்றார். "அந்தக் கார்டு இருந்ததால ஏழெட்டு வருஷம் கூட இருந்தாங்க. காலை எடுக்காமலே வெச்சிருந்தாங்க டாக்டருங்க."

டீ வைத்துக் கொடுத்தார். நான் பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். தேதியைச் சத்தமாகப் படித்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, பத்திரிகை கொடுக்க வந்தவன் சம்பந்தமே இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு உங்க கண்ணு தப்பில்ல. நான் தராசையே பாக்கல. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். நீங்க அதை நம்பி..."

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நம்புறதாவது. நீங்க எல்லாரும் ஆபீஸ் ரூம்ல கையெழுத்துப் போட்டுக்கினு இருந்தீங்க இல்ல, அப்பவே மூணாந்தரம் வெச்சுப் பாத்துட்டேன் சார். எடை நின்னுடுச்சி. முந்தின நாளு சாயங்காலம் நான் எடுத்ததேதான்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"எங்க அம்மாவுக்குக் கார்டு வேண்டியிருந்துச்சி சார்."

வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் உருளும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"அதுக்கப்புறம் எடை பாக்குறதையே ஏன் விட்டுட்டீங்க?"

"இன்னொரு தரம் பாத்தா நெசம் தெரிஞ்சிடும் இல்ல?" என்றார் அக்கா. "தெரிஞ்சும் ஒரு தரம் வாயை மூடிக்கினு இருந்துட்டேன் சார். மறுபடியும் அப்படியே இருந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சி."